கமக்காரரின் ஓய்வூதியம் எங்கே?

வன்னியில் ஒரு சிறு சந்தி. தபாற்கந்தோர் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. எதிரே உள்ள வேப்பமரத்தின் கீழ்ப் பத்துப் பன்னிரண்டு முதியவர்கள் குந்தியிருக்கிறார்கள். சிலரிடம் ஊன்றுகோல், சிலரிடம் குடை. எல்லோரிடமும் பொலித்தீன் பையில் கவனமாகச் சுற்றிய ஓர் அடையாள அட்டை. முதியோர் கொடுப்பனவு வழங்கும் நாள் அது.

அவர்களுள் ஓர் அம்மாவுடன் நாம் பேச்சுக் கொடுத்தோம். வயது 74. முதல் பஸ்ஸுக்கு வருவதற்காக இருட்டோடு எழுந்து, வீட்டிலிருந்து தெருவரை நடந்து வந்திருக்கிறார். கணவர் இல்லை. மூத்த மகன் 2009 மாசிக்குப் பின் காணவில்லை. மகள் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். மகளின் இரு பிள்ளைகளும் அம்மாவுடன்தான். கையில் கிடைக்கும் பணத்தில் கடைக் கடன் ஒரு பங்கு, குளிசை ஒரு பங்கு, பேரனின் கொப்பி ஒரு பங்கு என்று விரல் மடித்துக் கணக்குச் சொன்னார். “மிச்சமிருந்தால் தேயிலை” என்று சிரித்தார்.

போன மாதம் பணம் பிந்தியபோது யாரிடமாவது கேட்டீர்களா என்று வினவினோம்.

“என்னெண்டு கேக்கிறது பிள்ளையள்? இது பிச்சைச் சம்பளம் தானே. தந்தா வாங்குவம். தராட்டிக் கேக்கேலாது.”

பழைய பொதுசன மாதாந்த உதவிப் பணத்துக்கு எமது ஊர்களில் வழங்கிய பெயர் அது. பின்னர் வந்த முதியோர் கொடுப்பனவுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இந்த அம்மா ஐம்பது ஆண்டுகள் நெல் விதைத்தவர். குளத்தின் கீழ் நான்கு ஏக்கர் வயலும், பட்டி நிறைய மாடும் வைத்திருந்தவர். அவருடைய நெல்லைத் தின்றுதான் நாட்டில் பலர் வேலைக்குப் போய், ஓய்வூதியமும் பெற்றார்கள். அப்படியானால் இந்தக் கமக்காரரின் ஓய்வூதியம் எங்கே போனது? அதைத் திருப்பிப் பெற வழி உண்டா? இவ்விரு கேள்விகளையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முன்பு இருந்த ஓய்வூதியம்

கமக்காரர் வேலையிலிருந்து இளைப்பாறுவதில்லை. உடல் தளரத் தளர வேலையை மாற்றிக்கொள்வார். ஏர் பிடித்தவர் வரம்பு பார்ப்பார். வரம்பு பார்த்தவர் காவலுக்குப் போவார். காவலுக்கும் இயலாதவர் திண்ணையில் இருந்து விதை தெரிவார், பேரப்பிள்ளையைப் பார்ப்பார். இந்த ஒழுங்கு நிலைப்பதற்கு ஐந்து தூண்கள் இருந்தன. காணி, மாடு, வளவில் நிற்கும் பயன்மரங்கள், பெட்டகத்தில் கொஞ்ச நகை, அருகில் பிள்ளைகள். அரசாங்கம் கொடுக்காத ஓய்வூதியத்தைக் கமக்காரக் குடும்பம் தானே கட்டி வைத்திருந்தது.

இடப்பெயர்வு இந்த ஐந்து தூண்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரித்தது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் செம்மண் தோட்டங்களை விட்டு வெளியேறினர். அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போய்ச் சேர்ந்தனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தது. 2006 இல் சம்பூர் மக்கள் வயலையும் வீட்டையும் விட்டு ஓடினர். 2008, 2009 இல் வன்னி முழுவதும் கிழக்கு நோக்கி நகர்ந்து, கடைசியில் மெனிக் பாம் முகாமுக்குள் போனது. 2012 செப்ரெம்பரில்தான் அந்த முகாம் மூடப்பட்டது.

மாடுகளை அவிழ்த்து விட்டுவிட்டு வந்தோம். நகையை அரிசிக்கும் மாவுக்கும் கொடுத்தோம். திரும்பிப் போனபோது தென்னைக்கு வட்டு இல்லை, கிணற்றுக்குக் கட்டு இல்லை. சிலருக்குக் காணியே இல்லை. வலிகாமம் வடக்கிலும் கேப்பாப்புலவிலும் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, அந்த நாளைக் காணாமலே கண்மூடிய முதியவர்கள் பலர்.

இங்கே ஒரு சிறிய கணக்கைப் பார்க்க வேண்டும். 2009 இல் 25 வயதாக இருந்தவருக்கு மீண்டும் தொடங்கக் காலம் இருந்தது. 55 வயதாக இருந்தவருக்கு? அவர் வெறுங்கையோடு ஊர் திரும்பி, காடு வெட்டி, கிணறு இறைத்து, வீட்டுத்திட்டப் பணம் போதாமல் கடனும் பட்டு ஒரு கொட்டிலை வீடாக்கினார். 2024 இல் அவருக்கு 70 வயது. கடன் இருக்கிறது, உடல் இல்லை. எமது கிராமங்களில் இன்று நாம் காணும் முதியோர் வறுமையின் பெரும் பகுதி இந்தத் தலைமுறையின் வறுமை. இவர்கள் சோம்பியிருந்து ஏழையானவர்கள் இல்லை. பிள்ளைகள் எல்லோரும் கல்நெஞ்சராகிவிட்டதும் இதற்குக் காரணம் இல்லை. முதுமைக்கென்று சேர்த்தது பறிபோனது, மறுபடி சேர்க்க வயது இடங்கொடுக்கவில்லை.

நாடும் முதுமை அடைகிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டு மக்களில் 7.9 வீதமானோர் 65 வயதைக் கடந்திருந்தனர். 2024 மதிப்பீட்டில் அது 12.6 வீதமாகியது. ஆகவே இது ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும் பிரச்சினையன்று. இன்று 40 வயதில் இருப்போர் நாளை இதே வேப்பமரத்தின் கீழ் வந்து குந்துவார்கள்.

சட்டத்தில் இருந்தது, கைக்கு வந்தது

அரச ஊழியருக்கு ஓய்வூதியம் உண்டு. தனியார் நிறுவனத் தொழிலாளருக்கு 1958 ஆம் ஆண்டின் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி உண்டு. கமக்காரருக்கு எதுவும் இல்லை என்ற குறையைப் போக்க 1987 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தால் கமக்காரர் ஓய்வூதியத் திட்டம் ஏற்படுத்தப்பட்டது. இளவயதில் சேர்ந்து தவணைப்பணம் செலுத்தினால் 60 வயதிலிருந்து ஓய்வூதியம் பெறலாம். 1990 இல் மீனவருக்கும் இவ்வாறான சட்டம் ஒன்று வந்தது. 1996 இல் அமைக்கப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சபை சுயதொழில் செய்வோருக்கு ஓய்வூதியம் வழங்க முன்வந்தது.

சட்டம் நல்லதுதான். ஆனால் அது பிறந்த ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். 1987 இற்குப் பின் எமது பகுதிகளில் ஒரு கமக்காரக் குடும்பம் எத்தனை தடவை மூட்டை கட்டியது? பதுங்குகுழிக்கும் முகாமுக்கும் இடையில் தவணைப்பணத்தை எங்கே போய்க் கட்டுவது? கட்டிய துண்டை எங்கே பத்திரப்படுத்துவது? திட்டமும் தளம்பாமல் நடக்கவில்லை. 2012, 2013 ஆம் ஆண்டுகளில் நிதி இல்லாமல் கொடுப்பனவு நின்றுபோய், 2014 இல்தான் மீண்டும் தொடங்கியது. வயதில் இளையவர்களுக்கு மாதம் 1000 ரூபா அளவிலேயே கிடைத்தது.

எனவே பெரும்பாலானோருக்கு எஞ்சியது, 70 வயதைக் கடந்த வறிய முதியோருக்கான கொடுப்பனவு. அது 2012 இல் மாதம் 1000 ரூபாவாகத் தொடங்கிப் பின்னர் 2000 ஆனது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் விலை ஓராண்டுக்குள் 94.9 வீதம் ஏறியது. அதாவது ஏறத்தாழ இரு மடங்கு. அப்போதும் கொடுப்பனவு அதே 2000 தான். 2024 இல் 3000 ஆகவும், 2025 ஏப்ரலில் இருந்து 5000 ஆகவும் உயர்த்தப்பட்டது. உயர்வை நாம் வரவேற்க வேண்டும். அதே வேளை 5000 ஐ முப்பதால் பிரித்தால் ஒரு நாளுக்கு 166 ரூபா என்பதையும் மறக்கலாகாது.

இன்னொரு இடைவெளியும் உண்டு. 60 வயதில் மண்வெட்டி கனக்கத் தொடங்குகிறது. கொடுப்பனவோ 70 வயதில்தான் தொடங்குகிறது. நடுவில் உள்ள பத்து ஆண்டுகளை அவர் எதைத் தின்று கடப்பார்? இந்த இடைவெளியிலேதான் காணி ஈடு வைக்கப்படுகிறது, நுண்கடன் வீட்டுக்குள் நுழைகிறது, தாய்மார் பிள்ளைகளின் கடனுக்குப் பிணை நிற்கிறார்கள்.

எம்மிலும் வறிய நாடான நேபாளம் 1990 களின் நடுப்பகுதியில், 75 வயதைக் கடந்த எல்லா முதியோருக்கும், ஏழையா பணக்காரரா என்று பாராமல் மாதம் 100 ரூபா வழங்கத் தொடங்கியது. தொகை சிறிது. ஆனால் யார் ஏழை என்று வீடு வீடாக அளந்து, ஒருவரைச் சேர்த்து அயலவரை விலக்கும் மனத்தாங்கல் அங்கு எழவில்லை. வயது வந்தால் உரித்து வந்தது. பிறகு வயது குறைக்கப்பட்டது, தொகை கூட்டப்பட்டது. பணம் இருந்ததால் தொடங்கியதன்று அது. முதியோருக்குக் கொடுப்பது கடமை என்று முடிவு செய்ததால் தொடங்கியது.

நாம் செய்யக்கூடியவை

கொள்கை மாறும்வரை காத்திருக்க முதியோருக்குக் காலமில்லை. கிராமத்திலேயே நாம் தொடங்கக்கூடியவற்றை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறோம்.

1. முதலில் பத்திரங்கள்

பசித்த முதியவருக்கும் அவருக்குச் சேரவேண்டிய பணத்துக்கும் இடையில் பெரும்பாலும் நிற்பது ஒரு துண்டுக் காகிதம். இடப்பெயர்வில் பெட்டி தொலைந்தது, பத்திரமும் தொலைந்தது. பிறப்புப் பதிவு கிடைக்காதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டையில் வயது குறைத்துப் பதியப்பட்டிருந்தால் உடனே திருத்த வேண்டும். 72 வயதுக்காரர் காகிதத்தில் 67 வயதுக்காரராக இருந்தால் ஐந்து ஆண்டுக் கொடுப்பனவு அவருக்கு இல்லை. 60 வயது நிறைந்தவர்கள் கிராம அலுவலர், பிரதேச செயலகம் ஊடாக முதியோர் அடையாள அட்டையையும் பெற்றுக்கொள்ளலாம்.

காணாமற்போனோரின் பெற்றோர் விடயம் வேறு. பிள்ளை இறந்துவிட்டான் என்று ஒரு தாளை வாங்க மனம் இடங்கொடாத தாய்மாரை நாம் அறிவோம். அவர்களை யாரும் வற்புறுத்தலாகாது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறும் வழி 2016 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் ஏற்பட்டது. வங்கி, காணி, உதவிப் பணம் தொடர்பான காரியங்களுக்கு அது பயன்படும். வாங்குவதா விடுவதா என்பதை அந்தத் தாயே முடிவு செய்யட்டும். அப்படி ஒரு வழி இருக்கிறது என்பதை அவருக்குச் சொல்லுவது எமது கடமை.

ஒவ்வொரு கிராமத்திலும் உயர்தரம் படித்த இரு பிள்ளைகள் ஒரு கிழமை ஒதுக்கி, 60 வயதைக் கடந்த ஒவ்வொருவரின் வீட்டுக்கும் போய், எந்தப் பத்திரம் உண்டு, எது இல்லை என்று ஒரு கொப்பியில் எழுதினாலே பாதி வேலை முடியும். பத்திரங்களைப் போட்டோப்பிரதி எடுத்து இரண்டாவது ஓரிடத்தில் வைப்பதையும் மறக்கவேண்டாம். ஓடிப் பழகியவர்கள் நாம்.

2. கேட்பதற்குப் பழகுவோம்

2023 யூலையில் சமுர்த்தி நிவாரணத்துக்குப் பதிலாக அஸ்வெசும கொடுப்பனவு தொடங்கியது. கல்வி, உடல்நலம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு வகையில் 22 சுட்டிகளைக் கொண்டு குடும்பங்கள் தெரிவு செய்யப்பட்டன. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த கல்வீட்டுக்குள் பட்டினி கிடக்கும் முதிய தம்பதி இத்தகைய அளவுகோலில் தவறிப்போவது எளிது. சுவர் தெரியும், உலைப்பானை தெரியாது.

தவறியவர்கள் மேன்முறையீடு செய்ய இடம் தரப்பட்டது. மேன்முறையீடு எழுதியவர்கள் சிலர், “விதி” என்று இருந்துவிட்டவர்கள் பலர். ஒரு முதியவர் தனியே போனால் அவரை நாளை வா என்று அனுப்புவது சுலபம். பத்துப் பேர் ஒன்றாக, எழுத்தில், திகதியிட்டு, பிரதியும் வைத்துக்கொண்டு போனால் அது சுலபமன்று. பதில் கிடைக்காத கடிதத்துக்கு மறு கடிதம் எழுதுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரும் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருப்பது இதற்காகவே. கேட்பவர் அவர்களுக்குத் தொல்லை கொடுக்கிறார் என்று எண்ண வேண்டியதில்லை. கேட்பதால் அவர்கள் தம் வேலையைச் செய்ய முடிகிறது.

3. காணியை எழுதும்போது

மகளுக்குச் சீதனமாக வீடு வளவை எழுதிக் கொடுப்பது எமது வழமை. நல்ல வழமைதான். ஆனால் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு, சொந்த வளவில் விருந்தாளியாக வாழும் பெற்றோரையும் நாம் பார்த்திருக்கிறோம். மருமகன் நல்லவராக இருக்கும்வரை குறையில்லை. அவர் காணியை விற்று வெளிநாடு போக எண்ணினால்?

உறுதி எழுதும்போது “சீவிய உரித்து” வைத்து எழுதும்படி நொத்தாரிசிடம் கேளுங்கள். காணி பிள்ளைக்கே சேரும். பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை அங்கே குடியிருக்கவும் பயன் எடுக்கவும் அவர்களுக்கு உரித்து இருக்கும். இது பிள்ளையில் ஐயம் கொள்வதாகாது. நல்ல வரம்பு கட்டுவதால் அயலவருக்குள் சண்டை குறைவதுபோல இதுவும் உறவைக் காக்கும்.

வன்னிக் குடியேற்றக் காணிகள் பல 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் உள்ளவை. அனுமதிப்பத்திரக்காரர் இறந்தால் அவருடைய மனைவிக்கு அல்லது கணவருக்கு அக்காணியில் தொடர்ந்திருக்க உரித்து உண்டு. அடுத்த பின்னுரித்தாளர் யார் என்பதை உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்வது நல்லது. பின்னுரித்தில் ஆண்பிள்ளைக்கு இருந்த முன்னுரிமை 2022 ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீக்கப்பட்டுவிட்டது. தாயைப் பார்ப்பவள் மகள் என்றால் மகளையே நியமிக்கலாம்.

4. உடலுக்கு ஏற்ற உழைப்பு

முதியோருக்கு உதவுவதாகச் சொல்லிச் சுயதொழில் கடன் கொடுக்கும் திட்டங்கள் சில வந்து போயின. 68 வயதில் ஒருவர் கடன் எடுத்து, மாவரைக்கும் இயந்திரம் வாங்கி, தவணை கட்ட ஓடித் திரிவதை வறுமை ஒழிப்பு என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. கடன் இல்லாத, சுமை தூக்காத, வளவுக்குள் முடிகிற வேலையே முதுமைக்குப் பொருந்தும்.

ஐந்தாறு ஊர்க்கோழி, கிணற்றடி வாய்க்கால் பாயும் இடத்தில் வாழை, வேலியோரம் முருங்கை, ஒரு தேசி, ஒரு பப்பாசி, நிழலில் கறிவேப்பிலை. இவை பெரிய வருமானம் தருவதில்லை. ஆனால் கறிக்குக் கடைக்குப் போகாமல் காக்கும், முட்டை விற்ற காசு குளிசைக்கு உதவும். குனிய இயலாதவருக்குப் பழைய சாக்குகளில் மண் நிரப்பி, ஒரு மேடை மேல் அடுக்கிக் கத்தரியும் மிளகாயும் வைத்துக் கொடுக்கலாம். வாளியால் தண்ணீர் அள்ளுவது முதியோரின் முதல் எதிரி. கிணற்றிலிருந்து ஒரு குழாய் இழுத்துக் கொடுப்பது பத்துக் கோழிக்குஞ்சு கொடுப்பதிலும் பெரிய உதவி.

வயலும் தோட்டமும் உள்ள முதியவர் அதனைத் தரிசாக விட வேண்டியதில்லை. காணியில்லாத இளம் குடும்பம் ஒன்று பங்குக்குச் செய்யட்டும். ஆடும் மாடும் அவ்வாறே பங்குக்கு வளர்ப்பது எமது ஊர்களில் பழகிய முறை. பங்கு எவ்வளவு என்பதை இருவர் முன்னிலையில் எழுதி வைத்தால் போதும்.

கையில் தொழில் உள்ள முதியோரும் உளர். பெட்டி, கடகம், நீற்றுப்பெட்டி இழைக்கும் அம்மாமார், பனாட்டுப் போடுபவர்கள், எந்த மண்ணுக்கு எந்த நெல் என்று அறிந்தவர்கள், விதைக்குரிய காயை மரத்திலேயே அடையாளம் காண்பவர்கள். விதை சேகரிப்பை அவர்களிடம் ஒப்படைத்து, அதற்கு நியாயமான கூலி கொடுங்கள். “ஐயாதானே, சும்மா சொல்லித் தருவார்” என்று இலவசமாக எடுத்துக்கொள்வதும் ஒரு வகைச் சுரண்டல்தான். பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் அம்மம்மாவின் உழைப்பும் அப்படியே. மகள் வெளிநாட்டில் உழைப்பது அம்மம்மா வீட்டில் இருப்பதால்தான். அனுப்பும் காசில் அவருக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி, அவர் கையிலேயே கொடுப்பது நியாயம்.

5. கண்ணும் காலும்

கண்ணில் வெண்புரை படர்ந்த ஒருவர் பெட்டி இழைக்க முடியாது, மருந்துச் சரையில் எழுதியிருப்பதை வாசிக்க முடியாது, தபாற்கந்தோரில் எண்ணித் தந்த பணத்தைச் சரிபார்க்கவும் முடியாது. வெண்புரை சத்திரசிகிச்சையால் குணமாகக்கூடியது, அரச மருத்துவமனைகளில் செய்யப்படுகிறது. போகாததற்குக் காரணம் பெரும்பாலும் பயமும் கூட்டிச் செல்ல ஆளின்மையுமே. 1986 இல் தொடங்கப்பட்ட ஹெல்ப்பேஜ் ஸ்ரீலங்கா போன்ற அமைப்புகள் கண் சிகிச்சையும் நடமாடும் மருத்துவ சேவையும் நடத்தி வந்துள்ளன.

நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்குக் கிளினிக் நாள் தவறக்கூடாது. ஒரு கிராமத்தில் எட்டுப் பேருக்கு ஒரே கிளினிக் நாள் என்றால், எட்டுப் பேரும் எட்டு ஓட்டோ பிடிக்க வேண்டுமா? ஒரு லான்ட்மாஸ்ரரில் பெட்டி பூட்டி ஏற்றிப்போகலாம். மருந்துக்கு ஆகும் செலவிலும் மருந்துக்குப் போகும் செலவே முதியோரை அதிகம் வாட்டுகிறது.

6. சங்கமும் அயலும்

மரண உதவிச் சங்கம் இல்லாத கிராமம் எம்மிடையே குறைவு. செத்த பிறகு பந்தலும் பெட்டியும் தருவதற்குச் சந்தா சேர்க்கத் தெரிந்த நாம், இருக்கும்போது கஞ்சிக்கும் குளிசைக்கும் சந்தா சேர்க்க ஏன் பழகவில்லை? இருக்கும் சங்கத்திலேயே ஒரு சிறு நிதியைப் பிரித்துத் தொடங்கலாம். கிராம மட்டத்தில் முதியோர் சங்கங்களைப் பதிவு செய்யும் ஒழுங்கும் உண்டு. பதிவு செய்த சங்கம் எழுதும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

தனித்து வாழும் முதியவர் வீட்டுக்கு நாளுக்கு ஒருவர் என்று அயலில் ஏழு வீடுகள் முறை வைத்து எட்டிப் பார்த்தால், கிழமை முழுவதும் அவருக்கு ஆள் உண்டு. கோயிற்சபை, பள்ளிவாசல், தேவாலயம் எதுவானாலும் இந்த முறைப்பட்டியலை எழுதித் தொங்கவிட ஒரு சுவர் கிடைக்கும். கைதடியிலும் ஏனைய இடங்களிலும் உள்ள முதியோர் இல்லங்கள் யாருமற்றவருக்குப் பெரும் துணை. ஆயினும் அயல் இருக்கும்வரை அது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

பிள்ளைகளின் பங்கு

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கலாகாது என்றும், அவர்களைப் பராமரிப்பது பிள்ளைகளின் பொறுப்பு என்றும் கூறுகிறது. புறக்கணிக்கப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சபைக்கு முறையிட்டு மாதாந்தப் பராமரிப்புப் பணம் பெறலாம். பிள்ளைகளற்றோருக்கும் கைவிடப்பட்டோருக்கும் இருப்பிடம் அளிக்கும் கடமையை இச்சட்டம் அரசின் மேல் சுமத்துகிறது.

பெற்ற பிள்ளைக்கு எதிராக முறையிட எமது அம்மாமாருக்கு மனம் வராது. பிள்ளையே கூலிக்குப் போய் மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கையில் அவரிடம் எதைப் பறிப்பது? எனவே இச்சட்டம் வசதி இருந்தும் கைவிட்டோருக்கே ஏற்ற மருந்து. ஏனையோருக்கு, வெளிநாட்டிலும் கொழும்பிலும் உள்ள சகோதரர் உட்பட எல்லோரும் ஒரு தடவை கூடிப் பேசி, யார் பணம், யார் பராமரிப்பு என்று பங்கிடுவதே வழி. வழக்கத்தில் பராமரிப்பு முழுவதும் ஒரு மகளின் தலையில் விழுகிறது. காசு அனுப்புபவர் கடமை முடிந்ததென்று எண்ணுகிறார். அந்த மகளும் ஒரு நாள் முதியவளாவாள், கையில் ஒன்றுமில்லாதவளாக.

ஆகவே இன்று 30, 40 வயதில் உள்ளோருக்கும் ஒரு வார்த்தை. கமக்காரர் ஓய்வூதியத் திட்டம், சமூகப் பாதுகாப்புச் சபையின் திட்டம் ஆகியவற்றில் சேர முடியுமா, எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கமநல சேவைகள் நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். போகத்துக்கு ஒரு மூட்டை நெல்லின் விலையை இதற்கென்று ஒதுக்க முடிந்தால் அது வீண்போகாது. கட்டிய துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

பெயரை மாற்றுவோம்

ஒக்ரோபர் முதலாம் திகதியை ஐக்கிய நாடுகள் சபை 1990 இல் முதியோர் தினமாக அறிவித்தது. எமது நாட்டில் அதே நாளில் சிறுவர் தினமும் வருகிறது. ஒரே மேடையில் சிறுவருக்கு இனிப்பும், முதியோருக்கு ஒரு சாப்பாட்டுப் பொதியும் ஒரு துவாயும் கொடுத்துப் படம் எடுப்பதைப் பல இடங்களில் பார்த்தோம். அன்பின் அடையாளம் என்றால் நல்லது. ஆனால் மறுநாள் ஒக்ரோபர் இரண்டாம் திகதி அவருடைய அடுப்பில் என்ன எரிகிறது என்று பார்க்க யாராவது போக வேண்டும்.

தபாற்கந்தோர் வாசலில் கண்ட அம்மாவிடம் புறப்படும்போது சொன்னோம்: “அம்மா, இது பிச்சைச் சம்பளம் இல்லை. நீங்கள் விளைவித்த நெல்லுக்கு நாடு உங்களுக்குத் தரவேண்டிய மிச்சக் கணக்கு. பிந்தினால் கேட்கலாம்.” அவர் சற்று நேரம் எம்மைப் பார்த்தார். பிறகு பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டே, “அப்ப போன மாசத்தான் கணக்கையும் ஆரிட்டையும் கேக்கலாமோ?” என்றார்.

கேட்கலாம். அன்றே அவருடன் ஒருவர் உள்ளே போய்க் கேட்டார். பதில் கிடைக்க இரண்டு கிழமை சென்றது. ஆனால் கிடைத்தது.

கூடிப் பேசுவதற்கு

உங்கள் கிராமத்தில் 60 வயதைக் கடந்தோர் எத்தனை பேர்? அவர்களில் தனித்து வாழ்வோர் யார்?

அவர்களுள் எவருக்கு அடையாள அட்டை, வயதுச் சான்று, காணிப் பத்திரம் இல்லை?

பேரப்பிள்ளைகளை வளர்க்கும் முதியோருக்கு உங்கள் சங்கம் என்ன செய்கிறது?

அடுத்த கிளினிக் நாளுக்கு யார் வாகனம் ஒழுங்கு செய்வார்?

இந்த நான்கில் ஒன்றுக்காவது அடுத்த இதழ் வருமுன் விடை தேடுங்கள்.